கருவிப் பெட்டியில் காணாமல் போனவை

1991 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், குழந்தைகளின் கற்பனைத் திறன் டிராக்டரில் வந்து இறங்கியது.

அது ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. நான்கு மூலையிலும் தகரம் அடித்து, குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, மேலே கறுப்பு மையில் 'கற்பனையைத் தூண்டும் கற்றல் கருவிகள் – தொடக்கப் பள்ளி – 1' என்று எழுதியிருந்தார்கள். நாலு ஆள் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. கற்பனை இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் உமாதேவி. கீழ்ப்புத்தேரி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அப்போது உதவி ஆசிரியை. தினமும் குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வல்லக்கோட்டையில் இறங்கி, ஏரிக்கரையோடு இரண்டு மைல் நடந்து வருவேன். ஒரு ஹால், ஒரு தாழ்வாரம், ஐந்து வகுப்பு, நாற்பத்தெட்டு பிள்ளைகள். வாத்தியார் என்று பார்த்தால் நானும் தலைமை ஆசிரியர் ஜெகநாதன் சாரும் மட்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் சிலேட்டு இல்லாமல் வந்தார்கள். சிலேட்டு கேட்டு நாங்கள் மூன்று முறை எழுதியிருந்தோம். கற்பனை கேட்டு ஒருமுறைகூட எழுதவில்லை. ஆனால் அதுதான் வந்தது.

பெட்டியோடு ஓர் உத்தரவும் வந்தது. கருவிகளை அன்றாடம் பயன்படுத்த வேண்டும் என்று முதல் வரி சொன்னது. எந்தக் கருவியும் சேதமடையக் கூடாது, அடைந்தால் தலைமை ஆசிரியரே பொறுப்பு என்று இரண்டாம் வரி சொன்னது. ஜெகநாதன் சார் இரண்டையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், கழற்றிவிட்டும் ஒருமுறை படித்தார்.

"டீச்சர், உடையக்கூடாதுன்னா என்ன பண்ணணும்?"

"ஜாக்கிரதையா பயன்படுத்தணும் சார்."

"தொறக்கக்கூடாது," என்றார். சொந்தப் பூட்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டினார்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் அவர் வேலை பார்த்தபோது, பள்ளிக்கூடத்தை ஓட்டுச்சாவடியாக்கினார்கள். ஓட்டுப் போட்டவர்களோ, ஓட்டு எண்ணப் போனவர்களோ, யாரோ உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உலகம் எங்கே என்று மூன்று வருடம் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த மே மாதம் அவருக்கு ஓய்வு. கையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஹாலில் மழை ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். பெட்டி அங்கே வைக்கப்பட்டது. அதுவரை அங்கே உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு, ஒழுகும் இடத்துக்கு மாற்றப்பட்டது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? முதல் வாரம் முழுவதும் ஒரே கேள்விதான்.

"உள்ள இன்னா கீது டீச்சர்?"

எனக்கும் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் ஒரு மத்தியானம், "நீங்களே சொல்லுங்களேன், என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். ஐந்து வகுப்பை ஒரே நேரத்தில் சத்தம் போடாமல் உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. உயர்ந்த கல்விக் கொள்கை எதுவும் அதில் இல்லை.

நாலாம் வகுப்பு கங்கா எழுந்தாள். ஒல்லியான பெண், கொஞ்சம் மூக்கால் பேசுவாள். அம்மா பாப்பம்மாள் நடவுக்குப் போகிறவள்.

"ரயிலு கீது டீச்சர். தானா ஓடும். ராத்திரில வல்லக்கோட்டைக்குப் போயி முருகரைப் பாத்துட்டு, விடியறதுக்குள்ள பொட்டிக்குள்ள வந்து படுத்துக்கும்."

"பூட்டு இருக்கே?"

"அது போசொல்ல பூட்டும் கூடப் போவும்."

அவ்வளவுதான். மறுநாள் ரயிலுக்கு ஆறு பெட்டி வந்தது. அதற்கடுத்த நாள் அதில் சன்னலோர இடத்துக்குச் சண்டை வந்தது. பகலவன் என்ற மூன்றாம் வகுப்புப் பையன், ஒழுகும் இடத்தில் உட்கார்ந்திருந்த காரணத்தாலோ என்னவோ, பெட்டிக்குள் ஒரு மழை மிஷின் இருப்பதாகச் சொன்னான். அதைத் தூக்கி வைத்த இடத்தில் மட்டும் மழை பெய்யும், மற்ற இடம் காயும். தாவீது என்பவன் நிலாவைக் கிட்டத்தில் கொண்டுவரும் குழாய் ஒன்றைக் கொடுத்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் பூட்டிய பெட்டியைத் திறந்து, விளையாடிவிட்டு, மூடி வைத்தோம். ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை வைத்து ஐந்தாம் வகுப்புக்கு நான் கணக்குக்கூடப் போட்டேன். ஜெகநாதன் சார் தாழ்வாரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்கொடுத்தபடி, உள்ளே சத்தம் இல்லாமல் இருப்பதைக் கண்டு திருப்தியோடு இருந்தார்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. கற்பனைக் கருவிகள் எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன என்று நேரில் பார்க்கக் கல்வி அலுவலர் ஏகாம்பரம் பத்து நாளில் வருகிறார்.

அன்று சாயங்காலமே பெட்டி திறக்கப்பட்டது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சாரும் நானும் கடப்பாரையால் பட்டையை நெம்பினோம். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் இருபத்துநாலு படஅட்டைகள், கையில் மாட்டி ஆட்டும் துணிப் பொம்மை இரண்டு, கோக்கிற மரமணிகள் ஒரு டப்பா, வண்ணக் கட்டைகள் ஒரு டப்பா, இந்தி எழுத்து அச்சு ஒரு தொகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஆசிரியர் கையேடு.

சார் கையேட்டைத் திறந்தார். அவர் முகம் மலர்ந்ததை அந்த மூன்று மாதத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

"விடையே கொடுத்துட்டாங்க டீச்சர்," என்றார்.

கொடுத்திருந்தார்கள். 'கற்பனை வினா 1: மேகம் எதைப் போல் இருக்கிறது? விடை: பஞ்சைப் போல். கற்பனை வினா 2: நிலா எதைப் போல் இருக்கிறது? விடை: தட்டைப் போல். கற்பனை வினா 3: நீ பறவையானால் எங்கே பறப்பாய்? விடை: வானத்தில்.' இப்படி நாற்பது.

மறுநாளிலிருந்து கற்பனை மனப்பாடம் நடந்தது. காலை வழிபாடு முடிந்ததும் ஒருமுறை, வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை. பகலவன்தான் தகராறு.

"மேகம் எதைப் போல் இருக்கிறது?"

"எரும மாரி கீது சார்."

"தப்பு. பஞ்சு."

"பஞ்சு இன்னா மாரி கீது சார்?"

"மேகம் மாதிரி," என்று சொல்லிவிட்டு, சார் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஏகாம்பரம் ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா. கருவிகள் எல்லாம் மேஜைமேல் பரப்பப்பட்டிருந்தன. விலை பார்க்க வந்தவர்கள் போல் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். மேகத்துக்குப் பஞ்சு வந்தது. நிலாவுக்குத் தட்டு வந்தது. நாற்பத்தெட்டு பேரும் பறவையாகி ஒரே வானத்தில் பறந்தார்கள். ஏகாம்பரத்துக்கு அளவில்லாத சந்தோஷம்.

"ரொம்ப நல்லா தூண்டியிருக்கீங்க," என்று சாரிடம் சொன்னார். அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் கங்காவின் கன்னத்தைத் தட்டி, "இந்தப் பெட்டியில இருந்ததிலேயே உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

கையேட்டில் இந்தக் கேள்வி இல்லை.

கங்கா மேஜையை ஒருமுறை பார்த்தாள். "ரயிலு சார்."

"ரயிலா? இதில ரயில் இல்லையே."

"இருந்துச்சு சார். இப்பத்தான் காணோம்."

ஏகாம்பரம் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். "வேற என்ன இருந்தது?"

சொன்னார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு சொன்னார்கள். தானாக ஓடும் ரயில், ஆறு பெட்டி, மூன்றாவது பெட்டியில் ஒரு சன்னல் மூடாது. நிலா பார்க்கும் குழாய். மழை மிஷின். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தலையை ஆட்டின. ஏகாம்பரம் எல்லாவற்றையும் அலுவலகத் தமிழில் எழுதிக்கொண்டார்: 'விசையால் இயங்கும் ரயில் வண்டி – 1. தொலைநோக்கி – 1. மழைமானி – 1.'

"நீங்கல்லாம் இதை எங்க பாத்தீங்க?"

"பொட்டிக்குள்ள சார்," என்றான் பகலவன். "பூட்டி இருந்தப்ப."

ஜெகநாதன் சாரைப் பார்த்தேன். உலக உருண்டை தொலைந்த அன்று எப்படி நின்றிருப்பார் என்று தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. சிலேட்டுக்கு மூன்று வருடமாகப் பதில் போடாத அலுவலகம்தான் அது. ரயில் வண்டி, தொலைநோக்கி, மழைமானி ஆகியவை எங்கே என்று பத்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"பெட்டியைத் திறக்கவே இல்லன்னு எழுதினா வேலை செய்யாதவன். திறந்தேன்னு எழுதினா திருடன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"பிள்ளைங்க கற்பனை பண்ணிச் சொன்னாங்கன்னு எழுதுங்க சார். அதான் உண்மை."

"எந்தக் கருவியை வச்சு கற்பனை பண்ணாங்கன்னு கேப்பாங்க."

இந்த விளையாட்டை ஆரம்பித்தவள் நான். அந்த மனிதர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், ஏகாம்பரத்தின் மேஜைக்கு முன் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நாப்பத்தெட்டு பிள்ளைங்க ஒரே மாதிரி பொய் சொல்லுமா டீச்சர்?"

"பொய் இல்ல சார். கற்பனை."

"கற்பனைன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா அது சாட்சி."

"மேகம் பஞ்சு மாதிரின்னு எல்லாரும் ஒரே மாதிரிதானே சார் சொன்னாங்க?"

"அது கையேட்டுல இருக்கு," என்றார் ஏகாம்பரம். "மூணாவது பெட்டியில சன்னல் மூடாதுன்னு எந்தக் கையேட்டுல இருக்கு? பார்க்காம அதைச் சொல்ல முடியுமா?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். பஸ் ஏறித் திரும்பி வந்தேன்.

வழியை முதலில் கண்டுபிடித்தவள் கங்கா. சார் வராத ஒரு காலைப்பொழுதில், அவருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டாள். அவள் சொன்ன ரயிலை அவரிடம் கேட்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"ரயிலு இல்லன்னுதான கேக்கறாங்க? செஞ்சி குட்த்துடலாம் டீச்சர்."

பகலவனின் அப்பா டில்லிபாபு, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அங்கே மிஷின் வந்து இறங்கும்போது சுற்றி வருகிற தெர்மக்கோலைப் பின்பக்கச் சுவரோரம் மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒரு மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து போட்டார். "இதுக்கு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க டீச்சர், தைரியமா அறுங்க," என்றார். சக்கரத்துக்குப் பிள்ளைகள் சோடா மூடி சேகரித்தார்கள். புடவைக் கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழலை நான் குன்றத்தூரில் கேட்டு வாங்கி வந்தேன். மைதாப் பசை காய்ச்சினோம். மழை மிஷினுக்கு ஒரு பழைய டால்டா டின்.

ஜெகநாதன் சார் இரண்டாம் நாள் வந்து பார்த்தார். ஹால் முழுக்க வெள்ளைத் துகள் பறந்துகொண்டிருந்தது.

"இது மோசடி டீச்சர்."

"ஆமா சார்."

ரயிலின் நாலாவது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குனிந்து, சக்கரத்துக்கு அடியில் சட்டைப் பையிலிருந்த ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "மூணாவதுல சன்னல் மூடக்கூடாது. அது சாட்சியத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார்.

பொருள்கள் பள்ளியில்தான் இருக்கின்றன, நேரில் வந்து பார்க்கலாம் என்று சார் பதில் எழுதிப் போட்டார். விசாரணைக்கு ஏகாம்பரம் மறுபடி ஜீப்பில் வந்தார். மூன்று பொருளும் மேஜைமேல் இருந்தன. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். அட்டைக் குழல் வழியாகச் சுவர் தெரிந்தது, அதிலும் கொஞ்சம்தான்.

"சரியா தெரியலையே?"

"பகல்ல நெலா தெரியாது சார்," என்றாள் கங்கா. மறுக்க முடியாத விளக்கம். ஒரு டிக் விழுந்தது.

"இந்த மழைமானி எப்படி வேலை செய்யும்?"

"வச்சா மழை வரும் சார்," என்றான் பகலவன்.

"வந்த மழையை அளக்கும்னு சொல்லணும்." இன்னொரு டிக்.

ரயிலைத் தள்ளிப் பார்த்தார். ஓடியது. விசை எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது பெட்டியின் சன்னலில் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் மைதாப் பசை ஒட்டியிருந்தது. அதை முகர்ந்தார். ஜெகநாதன் சாரை ஒரு நிமிடம் போலப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. கோப்பை முடிக்காவிட்டால் அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார் என்பது மட்டும் தெரியும். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'ரயில் வண்டி உள்ளது. விசை பழுது. பழுதுபார்க்கத்தக்கது.'

மூன்று பொருளும் பள்ளியின் சொத்துப் பட்டியலில் ஏறின. பிறகு, அவர் கண் முன்னாலேயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. ஜீப் போனது. பிள்ளைகள் பத்து நாள் உட்கார்ந்து செய்தது இப்போது அரசாங்கத்துடையது. பகலவன் அழுதான். அவன் டின்னை அவன் திரும்பப் பார்க்கவே முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஜெகநாதன் சார் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எதையோ திரும்பத் திரும்பப் படித்தார்.

"டீச்சர், இதில 'மழைமானி ஒன்று'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"ஆமா சார்."

"எந்த டின்னுன்னு போடல."

"இல்ல சார்."

"அப்ப உடைஞ்சா இன்னொண்ணு செஞ்சு வச்சிடலாம். அப்பவும் ஒண்ணு இருக்கும்."

எட்டு வருடமாக அவர் முதுகில் உட்கார்ந்திருந்த உலகம் அன்றுதான் இறங்கியது என்று நினைக்கிறேன். மடியிலிருந்த சாவியை எடுத்து அவரே பூட்டைத் திறந்தார். துணிப் பொம்மைகளையும் மரமணிகளையும் ஜாக்கிரதையாக அடியில் தள்ளிவிட்டு, டால்டா டின்னை எடுத்துப் பகலவன் கையில் கொடுத்தார். "உடை," என்றார். "ஆனா நாளைக்கு வேற கொண்டாரணும்."

அந்த ரயில் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்தது ஒரு வாரம் தாங்கியது. தீபாவளிக்குள் ஐந்தாவது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் எப்போதும் ஒன்றுதான்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏகாம்பரத்தின் அறிக்கை மேலே போனது. மேலே இருந்தவர் ஒழுங்காகப் படிக்கிறவர் போலிருக்கிறது. கீழ்ப்புத்தேரிப் பெட்டியில் ரயிலும் தொலைநோக்கியும் மழைமானியும் இருக்கும்போது மற்ற பள்ளிப் பெட்டிகளில் அவை ஏன் இல்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நவம்பரில், ஒன்றியத்தின் மற்ற பதினோரு பள்ளிக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

மறு சனிக்கிழமை காலை, ஏரிக்கரைமேல் வரிசையாகச் சைக்கிள்கள் வந்தன. பதினோரு தலைமை ஆசிரியர்கள். இரண்டு பேர் ஓய்வுபெறும் வயது. ஒருவர் காதில் கம்பளி மப்ளர். எல்லார் முகமும் ஜூன் மாதத்து ஜெகநாதன் சாரின் முகம். நாற்காலி இரண்டுதான் இருந்ததால் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் தரையில் உட்கார்ந்தார்கள். டில்லிபாபு மூன்று மூட்டை தெர்மக்கோல் கொண்டுவந்திருந்தார்.

கங்கா பாடம் எடுத்தாள். எங்களைப் போலவே அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். மப்ளர்காரரிடம் நின்று, "இன்னா சார், நேரா அறுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். அவர், "கத்தி மழுங்கியிருக்கும்மா," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, இந்த ரயிலு எங்கெங்க நிக்கும்னு கேட்டா என்ன பதில் எழுதணும்? கையேட்டுல பார்த்தேன், இல்லையே."

"உங்க ரயிலு எங்க நிக்கும்னு எனக்கு எப்டி சார் தெரியும்?" என்றாள் கங்கா.

அவர் அறுப்பதை நிறுத்திவிட்டு, ஜெகநாதன் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் உதவவில்லை. கையில் பசை ஒட்டியிருந்த அவர், எட்டாவது ரயிலுக்குச் சக்கரம் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தார். மப்ளர்காரர் சன்னல் வழியாக ஏரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், யாரும் தப்பு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடு, மெதுவாகச் சொன்னார்.

"எங்க மாமியார் வூட்டாண்ட மட்டும் நிக்காது."

மற்ற பத்து தலைமை ஆசிரியர்களும் சிரித்தார்கள். கங்கா சிரிக்கவில்லை. "சரி," என்றாள், "அப்புறம்?"